ஆளுக்கு ஒரு காது

எங்கள் அப்பா பஸ் டிரைவர். வருஷக்கணக்காக எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தே இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. அரசாங்கத் திட்டத்தில் காது மெஷின் இலவசம்தான், ஆனால் ஆளுக்கு ஒன்று.

"எந்தக் காதுக்கு வேணும்?" என்றாள் ஆஸ்பத்திரியில் காது பார்க்கிற பெண், சட்டைக்குப் பை எந்தப் பக்கம் என்று தையற்காரர் கேட்பதைப்போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டு காதும் போனவருக்கு ஒண்ணு குடுத்தா என்னங்க நியாயம்?"

அப்பா என் கையைப் பிடித்து அடக்கினார். "எனக்கே ரெண்டையும் குடுத்துட்டா, பின்னாடி நிக்கிறவருக்கு ஒண்ணும் இருக்காதும்மா. எல்லாருக்கும் கிடைக்கட்டும்." இடது காதைக் காட்டினார். பஸ்ஸில் படிக்கட்டு அந்தப் பக்கம். ஏறி இறங்குகிறவர்களின் குரல் கேட்டாக வேண்டும்.

அம்மாவோ கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு வலப்பக்கமாகவே நடந்து பழகியவள். இடப்பக்கம் வரச்சொல்லி எத்தனை தடவை சொன்னாலும் மறந்துவிடுவாள்.

நேற்று சாயங்காலம் இருவரும் கடைக்குக் கிளம்பினார்கள். நான் பின்னால் போனேன். பாதித் தெருவரைக்கும் அம்மா வலப்பக்கம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள், தானே சிரித்தாள். அப்பா அவள் முகத்தையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டு போனார். சட்டென்று ஞாபகம் வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இடப்பக்கம் மாறினாள்.

"இவ்வளவு நேரம் என்ன சொன்னே?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லைங்க. சும்மா ஏதோ."

"அந்தச் சும்மாவைத்தான் கேக்கிறேன். இன்னொரு தடவை சொல்லேன்."