ஐந்நூறு கிலோமீட்டருக்கு மெதுவாக

தெரணியகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்த கிருஷ்ணகுமார் சந்தேகப்படாத பொருள் என்று ஒன்று கிடையாது. கொழுந்து நிறுக்கும்போது ஒவ்வொரு சாக்குக்குள்ளும் முழங்கை வரை கையை விட்டு, ஈரம் இருக்கிறதா, கல் இருக்கிறதா என்று துழாவுவார். பதினாறு வருஷமாக அதே வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. கடைச் சீனியைத் துழாவும், அரிசியைத் துழாவும். கோயிலில் கொடுத்த திருநீற்றைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் பூசுவார். மனுஷன் கெட்டவர் இல்லை, நம்பத்தான் வராது.

அப்படிப்பட்டவர் தொண்ணூற்றெட்டில் தன்னுடைய ட்ரெயில் பைக்கின் எஞ்சினைத் திறக்க இன்னொருத்தர் கையில் கொடுத்தார் என்றால், அதற்குக் காரணம் மகள் சசி. ஆறு வயசு. மழை பிடித்தால் பிள்ளைக்கு மூச்சு இழுக்கும். வீடு பள்ளத்தில், ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் கோயில் மேட்டை ஏறிக் கடக்கவேண்டும். அந்த நூறு சீசீ பைக் அவரைத் தனியாக ஏற்றிவிடும். தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மனைவி விஜயகலாவும் பிள்ளையும் பின்னால் உட்கார்ந்தால் பாதி மேட்டில் திணறி நின்றுவிடும். அப்புறம் விஜயகலா இறங்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டியதுதான்.

டவுனில் கராஜ் வைத்திருந்த ஹலீம், ஊருக்கெல்லாம் ‘நானா’, அதாவது அண்ணன், ஒரு வழி சொன்னார். அதே பைக்கின் பெரிய மாடலுக்கு வரும் நூற்றிருபத்தைந்து சீசீ சிலிண்டர் பிளாக்கையும் பிஸ்டனையும் மாட்டினால் மூன்று பேரோடும் மேடு ஏறும்.

வேலை நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. கிருஷ்ணகுமார் லீவு போட்டுவிட்டு, காலையிலிருந்து கராஜில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். புதுப் பிஸ்டனைக் கையில் வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. பகலில் ஹலீம் கராஜைப் பூட்டிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றவருக்கு மனசு கொதித்தது. உள்ளே ஒரு குஞ்சும் இல்லை, அது அவருக்கும் தெரியும். ஆனால் பின்பக்கம் ஒரு கதவு இருக்கிறதே. திரும்பி வந்த ஹலீம் முதுகைக் காட்டிக்கொண்டு எஞ்சினை மாட்டினாரா, எந்தப் பிஸ்டன் உள்ளே போனது என்று இவர் கண்ணில் படவில்லை, அதோடு முடிந்தது கதை.

“தம்பி, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுற வரைக்கும் நாப்பதுக்கு மேல போகாதீங்க. பின்னுக்கு ஆள் ஏத்தாதீங்க. பிஸ்டனும் பிளாக்கும் பழகணும். முறுக்கினா ஸ்டக் ஆகிரும்” என்று ஹலீம் சொல்லி அனுப்பினார்.

வேலையை ஒழுங்காகச் செய்தவன் எதற்கு மெதுவாக ஓட்டச் சொல்கிறான்? புதுசை எடுத்துவிட்டு எவனோ கழற்றிப்போட்ட பழைய பிஸ்டனைப் போட்டுவிட்டான், வேகமாகப் போனால் தெரிந்துவிடும். இப்படி யோசித்து யோசித்து கிருஷ்ணகுமார் மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள் மத்தியானம் கோயில் மேட்டடிக்குப் போய் ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கினார். பைக் சீறிக்கொண்டு ஏறியது. பிஸ்டன் புதுசுதான். ஆனால் அது தெரிந்த சந்தோஷம் உச்சிவளைவு வரைகூட நிலைக்கவில்லை. எஞ்சின் கறகறவென்று இறுகி நின்றது.

மறுநாள் காலை மழையில் சசிக்கு மூச்சு இழுத்தது. விஜயகலா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மேடு ஏறினாள். குடையைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். பாதி வழியில் கொழுந்து லொறி ஏற்றிக்கொண்டதால் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. நாலு நாள் வார்டில் வைத்திருந்தார்கள்.

பைக்கை லொறியில் ஏற்றிக் கராஜுக்குக் கொண்டுபோன அன்று விஜயகலாவும் கூட வந்தாள். ஹலீம் பிளாக்கைக் கழற்றி, கோடு கோடாகக் கீறிப்போன பிஸ்டனை வெளிச்சத்தில் பிடித்தார்.

“எவ்வளவு வேகத்துல போனீங்க, தம்பி?”

“நாப்பதுதான் நானா. நீங்க போட்ட சாமான்தான் சரியில்ல.”

“பொய்யி” என்றாள் விஜயகலா. “பிள்ளைமடுவத்துல இருந்து சத்தத்த நானே கேட்டேன். ஹலீம் நானாவ நான் நம்புறேங்க. உங்களத்தான் நம்பல.”

ஹலீம் பிஸ்டனைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் முறை புதுப் பிஸ்டன் மாட்டியபின் கிருஷ்ணகுமார் நாற்பதைத் தாண்டவே இல்லை. தனியாகத்தான் ஓட்டினார், கொழுந்து மலைக்கும் டவுனுக்குமாக. ஏழு வாரம் கழித்து மீட்டரில் ஐந்நூறு கூடியிருந்தது. அன்று சசிக்கு கிளினிக் நாள். பைக்கைத் துடைத்து வாசலில் நிறுத்தி, “ஏறுங்க ரெண்டு பேரும், மூணு பேரோட ஏறுதா பாப்போம்” என்றார்.

விஜயகலா குனிந்து மீட்டரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“மீட்டர் ஓடுறது முன் வீல்லதானே. அத தூக்கி வச்சி கையால சுத்தியிருப்பீங்க.”

“சத்தியமா இல்ல கலா. ஒவ்வொரு கிலோமீட்டரும் ஓட்டினது.”

“இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்து, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தாள்.

அவர் எஞ்சினைக் கிளப்பி, அவர்கள் நடைக்கு ஈடாக, பின் சீட்டு காலியாக, முதல் கியரிலேயே கோயில் மேட்டை ஏறினார்.