கோட்டுக்கு வெளியே நிற்கிற வேலை

கால்பந்து கிளப்புக்கு மேனேஜராக இருப்பது, ஓரடி ஓடாமலேயே மூச்சு வாங்குகிற வேலை. எங்காவது ஒரு டீமைக் கட்டி மேய்த்துக்கொண்டிருக்கும் சக பாவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் போடியில் என் பெயர் பெரிய பெயர். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஆறு வருடம் ஃபார்வர்டாக ஆடியவன். பஸ்சில் ஏறினால் எழுந்து இடம் கொடுப்பார்கள். அந்தப் பெயருக்காகத்தான் நாற்பத்தாறு வயதில் என்னைப் பிடித்து உள்ளூர்க் கிளப்புக்கு மேனேஜராகப் போட்டார்கள்.

பாதி வெற்றி

கிளப்புச் செயலாளர் குமரேசண்ணன் டயர் கடைக்காரர். வீடு தேடி வந்து, "தம்பி, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். கோட்டுக்கு வெளிய வந்து நில்லுங்க. உங்களப் பாத்ததுமே எதிராளி பாதி தோத்துருவான்" என்றார். நானும் நம்பினேன். தப்பு அவர் மேல் இல்லை.

முதல் ஆட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றேன். எதிர் டீம் பையன்கள் என்னைச் சுற்றி நின்று செல்ஃபி எடுத்தார்கள். அதன்பின் இறங்கி நாலு கோல் போட்டார்கள். நாங்கள் ஒன்றுகூடப் போடவில்லை. ஆட்டம் முடிந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குமரேசண்ணனைப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "நான் சொன்னபடி பாதி தோத்துட்டானுக தம்பி. மீதிப் பாதியிலதான் நாலு போட்டானுக."

காலுக்குத் தெரியும்

எங்கள் ஃபார்வர்டு கார்த்தி, ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிறவன். இருபத்திரண்டு வயது. கேள்வி கேட்டே ஆளைக் கொல்வான். கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது, பின்னால் ஒட்டி நிற்கிறவனை ஏமாற்றிச் சட்டென்று திரும்புவது என் பேர்போன வித்தை. "அது எப்படிண்ணே?" என்றான்.

"பந்து வரும்போதே தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"திரும்பணும்னு தெரியும்."

"எந்தக் காலை ஊனிண்ணே?"

எந்தக் கால்? இருபது வருடமாக யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பந்தைப் போடச் சொல்லி ஒரு முறை திரும்பிக் காட்டினேன். அருமையாக வந்தது. "மெதுவாச் செஞ்சு காட்டுங்கண்ணே" என்றான். மெதுவாகச் செய்தேன். கால் காலில் தட்டி, மொத்த டீமும் பார்க்க, குப்புற விழுந்தேன். என் சட்டை மண்ணைத் தட்டிவிட்டபடி கார்த்தி சொன்னான்: "அண்ணே, உங்க காலுக்குத் தெரியுது. வாய்க்குத்தான் தெரியல."

மஞ்சும் ஜீப்பும்

கோல்கீப்பர் ஜெயராஜ் எஸ்டேட் ஆட்களை ஏற்றி இறக்கும் ஜீப் டிரைவர். மலையிலேயே வளர்ந்தவன், பேச்சில் பாதி மலையாளம். என்னை 'ஆசானே' என்பான். அந்த மரியாதையெல்லாம் பேச்சோடு சரி. நாலு மணி ஆட்டத்துக்கு நாலே காலுக்கு வந்து இறங்கினான். அதற்குள் வேறொருவனைக் கோலில் நிறுத்தி ஒரு கோல் வாங்கியாகிவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில், "நானெல்லாம் நூத்திமூணு டிகிரி காய்ச்சல்லயும் நேரத்துக்கு வந்து ஆடுனவன்டா! உனக்கு என்னடா கேடு?" என்று கத்தினேன். அவன் கையுறையை மாட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னான்: "ஆசானே, உங்க காய்ச்சல் உங்களோட போச்சு. போடிமெட்டுல கண்ணு தெரியாத மஞ்சு, ஒரே பனிமூட்டம், ஜீப்புல பதினாலு பேரு. வெரசா வரணும்னா மொதல்ல அந்த வளைவையெல்லாம் நிமித்திக் குடுங்க."

நானே இறங்கினேன்

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆட்டக்காரர்கள் பட்டியலில் ஒரு பேச்சுக்கு என் பெயரையும் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு ஆட்டத்தில் ஒரு கோல் பின்னால் இருந்தோம். கார்த்தி இரண்டு நல்ல வாய்ப்பைக் கோட்டை விட்டான். கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் காலெல்லாம் துடித்தது. நானாக இருந்தால் போட்டிருப்பேனே! அவனை வெளியே வரச் சொல்லிவிட்டு நானே இறங்கினேன். ஜனங்கள் விசிலடித்தார்கள். அந்தச் சத்தம் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று!

பதினோரு நிமிடம். கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் தோள் கொடுத்து வெளியே கொண்டுவந்தார்கள். மாற்று ஆள் எல்லாம் தீர்ந்துபோய், மீதியைப் பத்துப் பேரோடு ஆடித் தோற்றோம். கார்த்தி சட்டையைக் கழற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். இரண்டு வாரம் பயிற்சிக்கே வரவில்லை. காலுக்குத் தைலம் தேய்த்துவிட்ட குமரேசண்ணன் கேட்டார்: "தம்பி, உங்கள மேனேஜராத்தான் போட்டோம். மறக்காம இருக்க சட்டையில எழுதிப் போட்டுருவமா?"

தேவாரத்துப் பால்பாண்டி

பக்கத்து ஊரான தேவாரத்து டீமிடம் போன வருடமும் தோற்றோம், இந்த வருடமும் தோற்றோம். அவர்களுடைய மேனேஜர் பால்பாண்டி என் காலத்து ஆள். ஒரே டீமில் இருந்தோம். நான் உள்ளே, அவன் பெஞ்சில். இரண்டாம் கோல்கீப்பர். மொத்தமாக நாலு ஆட்டம் ஆடியிருப்பான். அவன் டீமில் பாதிப் பேர் விவசாயிகள். காட்டில் யானை இறங்கினால் பயிற்சிக்குப் பாதி ஆள் வராது. அந்தப் படையை வைத்துக்கொண்டு எங்களை ரெண்டு கோலில் அடித்தான்.

மானத்தை விட்டு டீக்கடையில் அவனிடமே கேட்டேன்: "நான் திரும்புற வித்தைய எங்க ஃபார்வர்டு பயலுக்கு எனக்கே சொல்லிக் குடுக்கத் தெரியலடா."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "பந்து வர்றதுக்கு முன்னாடியே எடது தோள ஒரு ஆட்டு ஆட்டுவ. பின்னாடி நிக்கிறவன் அந்தப் பக்கம் சாய்வான். நீ பந்த நிப்பாட்டவே மாட்ட. காலுக்கு நடுவுல விட்டுட்டு வலப்பக்கம் திரும்பிருவ. ஊனுறது எடது காலு."

இவனுக்கு எப்படித் தெரியும்? கேட்டேவிட்டேன். சிரித்தான்: "மாப்ளே, நீ ஆடிக்கிட்டு இருந்த வருசமெல்லாம் நான் உக்காந்து பாத்துக்கிட்டுல இருந்தேன்."

பெனால்டி

மறுநாளே ஏலக்காய்க் கடைக்குப் போய், மூட்டைகளுக்கு நடுவில் நின்று கார்த்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். பால்பாண்டி சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். பத்தே நாளில் கற்றுக்கொண்டான். கடைசி ஆட்டம். ஜெயித்தால் முதல் டிவிசனில் நீடிப்போம், இல்லையென்றால் இறக்கம். ஒன்றுக்கு ஒன்று என்று நின்றபோது கார்த்தி அதே மாதிரி திரும்பினான். தாண்டிப் போனவனைப் பின்னால் நின்றவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். பெனால்டி. கார்த்தியையே அடிக்கச் சொன்னேன். பந்து கம்பிக்கு மேலே பறந்து மக்காச்சோளத் தோட்டத்தில் விழுந்தது. அவ்வளவுதான், இறங்கிவிட்டோம்.

ஆட்டம் முடிந்தும் கோலுக்குப் பின்னால் சட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊரே திட்டியது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரிக்குக்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். கேரளத்தில் ஒரு இறுதி ஆட்டம், கடைசி நிமிடம், பெனால்டி. நான் அடித்த பந்து நேரே கோல்கீப்பர் கைக்குப் போனது. ஊருக்குத் திரும்பிய பஸ்சில், மலை உச்சியில் போடிமெட்டிலேயே இறங்கிவிட்டேன். கீழே வர முகமில்லை. தெரிந்தவர் ஒருவரின் எஸ்டேட் லயத்தில், கூலியாட்கள் வீட்டு வரிசையில், ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் பசி தாங்காமல்தான் இறங்கி வந்தேன்.

கார்த்தி தலையிலிருந்து சட்டையை எடுத்தான். கண் சிவந்திருந்தது. "அண்ணே, இத மொத நாளே சொல்லியிருந்தீங்கன்னா, நீங்க சொன்ன மத்ததையெல்லாம் நான் காது குடுத்துக் கேட்டிருப்பேன்ல."

இப்போது நாங்கள் இரண்டாம் டிவிசன், மேனேஜர் இன்னும் நான்தான், ஏனென்றால் நன்றாக ஆடிய வேறு எவனும் இந்த ஊரில் என்னளவுக்கு ஏமாளியாகக் கிடைக்கவில்லை.