திருநெல்வேலிச் சந்தையடியில் பறிபோன விசா

"கோயில் ஐயராக வெளிநாடு போய் நீண்டநாள் தங்க விசா எடுப்பது எப்படி, அம்மா?" என்று போன கிழமையும் ஒரு பிள்ளை எழுதிக் கேட்டிருந்தது. ஏன் எல்லாரும் என்னைக் கேட்கிறார்களோ தெரியாது. எங்களுக்கு அந்த விசா கிடைக்கவில்லை. கிடைக்காமல் போன கதைதான் எனக்குத் தெரியும், அதையும் ஆத்திரப்படாமல் சொல்ல எனக்கு வராது. என் வாய்க்குப் பயந்தவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இது நடந்தது எழுபதுகளின் நடுப்பகுதியில். அப்போது நாங்கள் யாழ்ப்பாணத்தில் கோப்பாயில் இருந்தோம். என் கணவர் சிவாச்சாரியார். ஊர்ச் சனத்துக்கு ஐயா, எனக்கு 'இவர்'. அங்கே ஒரு அம்மன் கோயிலில் வருசத்தில் ஆறு மாதப் பூசை முறை எங்களுடையது. மற்ற ஆறு மாதம் இவருடைய சித்தப்பா மகன் சபேசனுடையது. அந்த நேரம் பார்த்து, கடல் கடந்து போயிருந்த எங்கள் சனம் அங்கே ஒரு பழைய கட்டடத்தை வாங்கிப் பிள்ளையார் கோயிலாக்கி, நிரந்தரமாக இருந்து பூசை செய்ய ஒரு ஐயர் வேண்டுமென்று இவருக்கு எழுதினார்கள். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். பெயரை எழுதினால் கூடவே நாலு வசவும் எழுதவேண்டி வரும்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? விசா வருமுன்னே, கோயில் மணியகாரர் முன்னால் தாம்பூலம் வைத்து எங்கள் ஆறு மாதத்தையும் சபேசனுக்குக் கொடுத்துவிட்டார். "முதல்லை விசா வரட்டுமே, பேந்து குடுங்கோவன்" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "கடைசி நேரத்திலை கோயில் தடுமாறக் கூடாது" என்றார். அதாவது விசா கிடைக்காவிட்டால் எங்களுக்குக் கோயிலும் இல்லை. எங்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

அலைச்சலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், போக நினைப்பவர்களுக்கு உதவும். கோப்பாயிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினம் ஏறக்குறைய ஐந்து மைல். கச்சேரிக்கு, அதுதான் அரசாங்க அலுவலகத்துக்கு, மட்டும் நாலு தரம் போனோம். ஒவ்வொரு தரமும் அந்த மேசையில் இருந்தவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். படம் எடுக்கப் போன இடத்தில், வந்தவன் போனவன் எல்லாருக்கும் போட்டுவிடும் வியர்வை நாற்றக் கோட்டு ஒன்று ஆணியில் தொங்கியது. இவர் அதைத் தொடவும் மாட்டேன் என்றார். கடைசியில் சால்வையைப் போர்த்துக்கொண்டு எடுத்தோம், அது செல்லுபடியானது. மருத்துவச் சான்றிதழுக்குத் தெல்லிப்பழை ஆசுப்பத்திரி. அதற்கு உரும்பிராயும் சுன்னாகமும் போய் பஸ் மாறவேண்டும், விடியவே வெளிக்கிட வேண்டும்.

அங்கேதான் சபேசனின் மனைவியைக் கண்டேன். நிறைமாதம். வலி வருகிற மாதிரி இருக்கிறதென்று பிரசவ வாட்டில் வைத்திருந்தார்கள். கலியாணமாகி எட்டு வருசத்துக்குப் பிறகு தங்கிய பிள்ளை. சந்தோசமாக அவள் தலையைத் தடவிவிட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்குப் பகீரென்றது. விசா நேர்முகத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். பங்காளி வீட்டில் பிள்ளை பிறந்தால் எங்களுக்குப் பத்து நாள் துடக்கு, அதாவது தீட்டு. அந்த நாட்களில் ஐயர் மூலஸ்தானத்துக்குள் போகக் கூடாது, மணியைத் தொடக் கூடாது, மந்திரம் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஆனால் சேதி காதில் விழுந்தால்தான் துடக்கு. விழாதவரைக்கும் இல்லை. அதனால் கோயில் திருவிழா நேரங்களில், கேட்டால் துடக்காகும் சேதியை ஐயர் வீட்டுப் படலை வாசலுக்கே கொண்டுவராமல் ஊரே அமுக்கி வைத்திருப்பது வழமை.

உடனே சபேசனைப் பிடித்தேன். "தம்பி, நேர்முகம் முடியுமட்டும் நீ கோப்பாய்ப் பக்கம் தலை காட்டக் கூடாது, பூசையை அண்ணை பார்ப்பார். பிள்ளை பிறந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது." "ஓம் அண்ணி, எனக்குத் தெரியாதோ? அண்ணையின்ரை விசயத்திலை நான் அப்பிடிச் செய்வனே?" என்றான். அக்கம்பக்கத்துக்கும் சொல்லிவைத்தேன். கோப்பாயைச் சுற்றி நான் போட்ட காவல் எந்தப் பட்டாளமும் போட்டிருக்காது.

நேர்முகத்துக்கு அந்த நாட்டு அதிகாரி ஒருவர் பட்டினத்துக்கே வந்து ஒரு பங்களாவில் இருந்தார். பஸ்ஸை நம்பாமல் குருநகர்ச் சூசை அண்ணையின் பழைய ஒஸ்டின் ஏ-போட்டி காரைப் பிடித்தோம். போய்வர முப்பது ரூபாய். காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். கல்வியங்காட்டுப் பக்கம் தார் போடுகிறார்கள் என்று சூசை அண்ணை உரும்பிராயால் சுற்றிப் பலாலி வீதியில் காரை விட்டார். எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடிக்கு வர, காரின் மூக்கிலிருந்து புகை. "கொதிச்சுப்போச்சம்மா, ஒரு வாளி தண்ணி விட்டால் சரி" என்று இறங்கிப் போனார்.

சபேசனின் மாமியார் வீடு திருநெல்வேலி என்பது என் மர மண்டைக்கு அப்போதுதான் எட்டியது. எட்டிய அதே நேரத்தில் ஆளைக் கண்டேன். வாழைக்குலைக் குவியலுக்கு அந்தப் பக்கம், கையில் கடதாசியில் சுற்றிய கற்கண்டுச் சரையோடு, முகமெல்லாம் பல்லாக நிற்கிறான். அந்த முகத்தைப் பார்த்தால் குருடனுக்கும் சேதி விளங்கும்.

"சூசை அண்ணை, காரை எடுங்கோ!"

"தண்ணி விடேல்லையம்மா!"

"தண்ணியும் மண்ணும்! எடுங்கோ எண்டுறன்!"

பாவம் மனுசன், வாளியை எறிந்துவிட்டு ஓடிவந்து ஏறினார். கார் இருமியது. திரும்ப இருமியது. நான் சத்தமாக எதையாவது கதைத்துக்கொண்டிருப்போம் என்று இவரிடம் பிள்ளைகளின் சட்டைத் துணியைப் பற்றித் தொடங்கினேன். இவர் என்னை விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அதற்குள் அந்தப் பாழ்பட்டவன் எங்களைக் கண்டுவிட்டான். சொன்னதெல்லாம் மறந்துபோச்சு. சந்தைச் சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, கார் யன்னலுக்குள் தலையை விட்டு, "அண்ணை! பெடியன் அண்ணை! ஆம்பிளைப் பிள்ளை!" என்று கத்தினான்.

பிறகு என் முகத்தைக் கண்டான். கற்கண்டுச் சரை கையிலிருந்து விழுந்தது. "ஐயோ அண்ணி," என்றான்.

இவர் வெளியே கையை நீட்டி அவன் தோளைத் தட்டி, "நல்லாயிருக்கட்டும். தாயும் சுகமோ?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் காரோடு சேர்த்துக் கொளுத்தியிருப்பேன். ஆனால் எட்டு வருசம் காத்திருந்து பிள்ளை கண்டவனை என்ன சொல்லித் திட்டுவது? திட்டவும் முடியாத ஆத்திரம்தான் பெரிய ஆத்திரம். சூசை அண்ணை ஒரு வாளி தண்ணி விட, கார் கிளம்பியது.

பங்களாவில் எங்களுக்கு முன்னால் ஒரு இளந்தாரி இருந்தான். புதுப் பூணூல், மஞ்சள்கூடக் காயவில்லை. "அம்மா, உங்களுக்கென்ன ஒளிப்பு, நான் சைக்கிள் கடையிலை நிண்டனான். அங்கை போனால் வேறை வேலை பாக்கலாம் எண்டு என்ரை அண்ணை சொல்லிவிட்டவர்" என்றான். உள்ளே போனான். கோயில் வாசலில் சின்னப்பிள்ளைகள் படிக்கிற நாலு வரியைப் பெரிய சத்தமாகப் பாடி மணி அடிப்பது வெளியே கேட்டது. சிரித்துக்கொண்டு வந்தான். விசா சரியாம். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, அவனுக்கும் வயிறு இருக்கிறது.

எங்கள் முறை வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தபடியால் எனக்கு இங்கிலிஷ் வரும். இவருக்குச் சமஸ்கிருதம் வரும். ஆகவே நான்தான் மொழிபெயர்ப்பு. அதிகாரியின் முதல் கேள்வியே, மதகுரு என்றால் மனைவி எப்படி என்று. மனைவி இல்லாமல் எங்கள் ஐயர்மார் பெரிய கிரியை எதையும் செய்ய முடியாதென்று சொன்னேன். நம்பாமல் எழுதிக்கொண்டார். பிறகு மேசையைக் காட்டினார். அவர் முட்டை தின்ற கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு மணியும் குத்துவிளக்கும் வைத்திருந்தது. பொய் ஐயர்மார் கனபேர் வருகிறார்களாம், அதனால் செய்து காட்டவேண்டுமாம். மந்திரம் சொல்லி மணி அடித்தால் போதுமாம்.

இவர் மணியைத் தொடவில்லை. "எனக்கு இண்டைக்குத் துடக்கு. சொல்ல ஏலாது எண்டு சொல்லும்" என்றார்.

நான் பிறப்பு, பங்காளி, பத்து நாள் எல்லாம் விளக்கிச் சொன்னேன். அதிகாரி பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். பிள்ளை சரியாக இன்றைக்குத்தான் பிறந்ததா என்று கேட்டார். வாழ்த்துகளும் சொன்னார். அந்தச் சிரிப்பு இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

நான் இவர் பக்கம் திரும்பி, "இஞ்சாருங்கோ, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். ரண்டு வரி சொல்லுங்கோ. வீட்டை போய்ப் பிராயச்சித்தம் செய்வம். ரண்டு பொம்பிளைப் பிள்ளையளை நினையுங்கோ" என்றேன்.

"அவர் கேக்கிறது நான் உண்மையான ஐயரோ எண்டுதானே?" என்றார் இவர், குரலைக்கூட உயர்த்தாமல். "துடக்கோடை மந்திரம் சொல்லிக் காட்டினால் நான் ஐயரில்லை."

அதையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலிஷில் சொன்னேன். அதிகாரி தோளைக் குலுக்கி, செய்து காட்ட முடியாதவரை எப்படி நம்புவது என்று சொல்லிக் கடதாசியை மூடினார். அவ்வளவுதான். கதவு வரைக்கும் போய்விட்டேன், தாங்கமுடியவில்லை. திரும்பி வந்து, "துரை, இன்றைக்கு உங்கள் முன்னால் ஒரே ஒரு ஐயர்தான் இருந்தார். அவரைத்தான் திருப்பி அனுப்புகிறீர்கள். உங்கள் முட்டைக் கோப்பைக்குப் பக்கத்தில் மணி அடித்தவனைக் கூட்டிக்கொண்டு போங்கள், உங்களுக்கு அவன்தான் சரி" என்று இங்கிலிஷில் கிழித்தேன். பங்களாச் சேவகர் என்னை வெளியே போகச் சொன்னார். போனேன், ஆனால் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

திரும்பும்போது சூசை அண்ணைதான் முதலில் கதைத்தார். "எங்கடை சுவாமிமாருக்கு மேற்றிராணியாரின்ரை கடிதம் ஒண்டு காணும் அம்மா. உங்கடை ஐயாவுக்கு ஆர் குடுக்கிறது?" நல்ல கேள்வி. அவர்கள் கத்தோலிக்கர், கடிதம் கொடுக்க ஒரு பிஷப் இருக்கிறார்; எங்களுக்கு அப்படி ஒரு தலைமை இல்லை, அது எங்களுக்குப் பெருமை என்று நினைத்திருந்தோம். வெளிநாட்டு மேசைக்கு முன்னால் அந்தப் பெருமை ஒரு சதத்துக்கும் உதவாது.

ஆகவே, போக இருப்பவர்களே, கேளுங்கள். மூன்று நாலு பழைய கோயில்களின் தர்மகர்த்தாக்களிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் மனைவி ஏன் வரவேண்டும் என்பதையும், துடக்கு என்றால் என்ன என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். நேர்முகத்தில் வாயால் சொன்னால் சாட்டுச் சொல்வதாகத்தான் நினைப்பார்கள். பங்காளிகள் வீட்டில் யாருக்காவது நிறைமாதமென்றாலோ, வயதானவர்கள் படுக்கையில் கிடந்தாலோ, நேர்முகத்துக்கு முதல்நாளே வீட்டைவிட்டுப் புறப்பட்டு ஒருவருக்கும் தெரியாத இடத்தில் போய் நில்லுங்கள். சந்தைப் பக்கம் போகவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, விசா கைக்கு வருமுன் கையில் இருப்பதைக் கொடுத்துத் தொலைக்காதீர்கள்.

எங்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அந்தப் பத்து நாளும் உரும்பிராயிலிருந்து ஒரு ஐயர் வந்து கோயிலைப் பார்த்தார். நானும் இவரும் ஒரு வீட்டுக்குள் இருந்து, சாப்பாட்டைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. பதினோராம் நாள் துடக்குக் கழிந்தது. அடுத்த நாள் விடிய சபேசன் வந்தான். இளைத்துப் போயிருந்தான். தட்டில் வெற்றிலை பாக்கும் கோயில் திறப்பும், அதுதான் சாவி, வைத்து இவர் முன்னால் நீட்டினான். "அண்ணை, என்ரை வாயாலை வந்த வினை. உங்கடை ஆறு மாசத்தை நீங்களே வைச்சிருங்கோ. மணியகாரரிட்டையும் சொல்லிப்போட்டன்."

இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தாம்பூலம் வைச்சுக் குடுத்தது தம்பி. திருப்பி எடுக்கிறது முறையில்லை."

சபேசன் என்னைப் பார்த்தான். இவர் முறை தவறாத மனுசன், எனக்குத் தெரியும், அதற்காகவே நான் அந்த அதிகாரியோடு சண்டை பிடித்தேன். ஆனால் உள்ளே இரண்டு பிள்ளைகள் பழஞ்சோற்றுக்குக் காத்திருந்தார்கள். நான் ஒருவரையும் கேட்கவில்லை. திறப்பை எடுத்து என் சேலைத் தலைப்பில் முடிந்தேன்.

"குடுத்தது நீங்கள். வாங்கிறது நான்" என்றேன். "காலமைப் பூசைக்கு நேரமாகுது. போய்க் குளியுங்கோ."

இவர் என்னையும் தலைப்பு முடிச்சையும் பார்த்தார். பிறகு கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.