மூன்று முறை திறந்த ஆம்ப்ளிஃபயர்

கணேசன் மூன்றாவது தடவையாக அந்த ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வைத்தான் என்பதைவிடப் போட்டான் என்பதே சரி. பின்னால் அவன் மனைவி செல்வி நின்றாள்.

"உங்களாலதாண்ணே போச்சு. என் பொழப்பே போச்சு!" என்று கடை அதிரக் கத்தினான்.

அருப்புக்கோட்டையில் முப்பது வருடமாக ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் வேலை பார்க்கிறேன். என் வேலையை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அது எனக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. காந்தம்

கணேசன் விசைத்தறி ஓட்டுகிறவன். பதினாறு வயதில் தறிக்கூடத்துக்குள் போனவனுக்கு இப்போது முப்பத்தைந்து இருக்கும். கிடார் தானாகவே கற்றுக்கொண்டது. விருதுநகரில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் கிடாருக்கு ஆள் தேடினார்கள். அதில் சேர்ந்துவிட்டால் தறியை விட்டுவிடலாம் என்று நம்பி, கையில் தூக்கிப் போகிற சின்ன பேட்டரி ஆம்ப் ஒன்றை வைத்துப் பழகிக்கொண்டிருந்தான்.

"சத்தம் பத்தலைண்ணே. முதல் கம்பி மொண்ணையாக் கேக்குது. நல்ல ஸ்பீக்கரா மாத்திக் குடுங்க."

முதல் கம்பி என்பது கிடாரில் மிக மெல்லிய, உச்சக் குரல் கம்பி. திறந்து பார்த்தேன். ஆறரை இஞ்ச், எட்டு ஓம், பின்னால் பொட்டு மாதிரி ஒரு காந்தம். வாட்ஸ் அதிகமுள்ள ஸ்பீக்கரைப் போட்டால் சத்தம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. அதே வாட்ஸில் அதிகச் சத்தம் தருகிற ஸ்பீக்கராகத் தேட வேண்டும். அதற்கு டெசிபல் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஓம் என்கிற தடை அளவு மாறக் கூடாது. எட்டுக்குப் பதில் நாலு போட்டால் உள்ளே இருக்கும் ஐ.சி. சூடேறிச் செத்துப்போகும். பெரிய காந்தம் வைத்த ஒன்றை மதுரையிலிருந்து வரவழைத்து மாட்டினேன். கணீரென்று இருந்தது.

"பழச என்னப்பா செய்ய?" என்று அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு தரம் கேட்டேன். திரும்பவே இல்லை. திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டு பழையதைப் பெட்டியில் போட்டு வைத்தேன்.

2. ட்வீட்டர்

பத்து நாளில் திரும்ப வந்தான். முதல் கம்பி இன்னும் மொண்ணையாகத்தான் கேட்கிறதாம். எனக்கு ரோஷம். ஒரு கெபாசிட்டர் வைத்து, உச்சக் குரலை மட்டும் தருகிற சின்ன ட்வீட்டரைச் சேர்த்தேன். கீச்சென்று பிய்த்துக்கொண்டு வந்தது.

"போதுமாப்பா?"

"இன்னுங் கொஞ்சம்ண்ணே."

"ஏப்பா, எனக்குக் காதைக் குத்துதே!"

"உங்களுக்கு வயசாயிருச்சுண்ணே," என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். கிழவன் காதில் குத்துகிற சத்தம் சின்னவன் காதில் ஏறவில்லையே என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. உச்சக் குரலைத் தூக்குகிற ட்ரெபிளை இன்னும் கூட்டிக் கொடுத்தனுப்பினேன்.

3. விசில்

அந்த ஆம்போடுதான் விருதுநகருக்குப் போயிருக்கிறான். இரண்டாவது பாட்டிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்களாம். "தகரத்தைச் சுரண்டுற மாதிரி இருக்குப்பா" என்று சொல்லி வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அதற்குத்தான் இந்தச் சண்டை.

"என் ஸ்பீக்கரையா குறை சொல்றே? இந்தா, கேளு!" என்று போனை ஆம்பில் செருகினேன். ஸ்பீக்கரைச் சோதிக்க ஒரு ஆப் உண்டு. அடித்தொண்டையில் தொடங்கி விசில் வரைக்கும் ஒரே சத்தமாக ஏறிக்கொண்டே போகும். எங்காவது பழுது இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏறியது. எங்கேயும் கரகரப்பு இல்லை. இப்போது என்ன சொல்கிறாய் என்று அவனைப் பார்த்தேன். மூவாயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டும்போது அவன் மேசையைத் தட்டினான்.

"பாத்தீகளா? நின்னுருச்சு!"

நிற்கவில்லை. விசில் என் பல்லைக் கூச வைத்துக்கொண்டிருந்தது.

"செல்வி, நீயே சொல்லு, நின்னுருச்சுல்ல?" என்று திரும்பினான். செல்வி இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவள் கைகளையே பார்த்தான். நான் போனை அணைத்தேன். அவள் கையை இறக்கியதைப் பார்த்துத்தான் சத்தம் நின்றது அவனுக்குத் தெரிந்தது.

"டிவியை அலற விடுவாகண்ணே," என்று செல்வி அழுதாள். "புள்ளை கூப்பிட்டாத் திரும்ப மாட்டாக. எங்க தெருவுல எல்லாருமே கத்தித்தான் பேசுவோம். தறிக்காரவுகன்னா இப்படித்தான்னு இருந்துட்டோமே!"

தறிச் சத்தத்தில் காது நரம்பு போனது போனதுதான், மீதியாவது மிஞ்ச வேண்டுமானால் தறியை விட்டு விலகு என்று மதுரையில் டாக்டர் சொன்னாராம். விலகுவதற்குத்தானே அந்த ஆர்கெஸ்ட்ராவை நம்பியிருந்தான். இப்போது காதுக்கு அடைப்பு மாட்டிக்கொண்டு அதே தறியில்தான் நிற்கிறான்.

சாமான் சரியாக இருந்தும் ஆள் குறை சொன்னால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள். அந்த ஏறுகிற சத்தத்தைப் போட்டு, எங்கே நிற்கிறது என்று அவரைக் கேளுங்கள். முதல் நாளே நான் கேட்டிருந்தாலும் அவன் காது திரும்பியிருக்காது. ஆனால் அந்த ட்ரெபிளோடு அவனை விருதுநகருக்கு அனுப்பியிருக்க மாட்டேன். அந்தப் பாவம் என்னுடையது.

போன வாரம் வந்தான்.

"பழைய ஸ்பீக்கர் கெடக்காண்ணே? அதையே மாட்டிக் குடுங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். புள்ளைக காதாவது பொழைக்கட்டும்."

ட்வீட்டரைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டினேன். கிடாரைச் செருகி வாசித்தான். முப்பது வருடப் பழக்கம், என் பாழாய்ப்போன வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"சத்தம் சரியா இருக்காப்பா?"

"அத நீங்கதாண்ணே சொல்லணும்," என்றான்.