திறக்காத லிங்க்

நாளிதழ் வேலையை விட்டுவிட்டு, புதிதாக வந்த ஒரு விளையாட்டுச் செய்தி இணையதளத்தில் நிருபராகச் சேர்ந்தேன். கீழ்பென்னாத்தூர் கபடி வீராங்கனை செல்வி மாநிலப் போட்டியில் ஜெயித்து வந்ததும், அவளைத் தேடி முதலில் போனது நான்தான்.

"பேப்பர்காரங்களும் பேட்டி கேக்கறாங்க சார்," என்றாள்.

அவள் படம் எங்கள் தளத்தில் மட்டும் வரவேண்டும் என்ற ஆசை எனக்கு. "அவங்களுக்குக் குடுக்காதம்மா. மறுநாளே அதுல பஜ்ஜி மடிச்சிடுவாங்க. நம்ம லிங்க் எப்பவும் இருக்கும்," என்றேன். நம்பி, மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஒரே வருடத்தில், ஒரு மெயில் அனுப்பிவிட்டுத் தளத்தை மூடிவிட்டார்கள். நிருபர்கள் எல்லோரும் நடுத்தெருவில் நின்றோம்.

போன மாதம் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் செல்வி எதிரே வந்தாள். ஒரு பள்ளியில் கபடி கோச் வேலைக்கு இன்டர்வியூ போய்விட்டுத் திரும்புகிறாளாம்.

"எல்லாரும் பேப்பர் கட்டிங்கை லேமினேட் பண்ணி எடுத்துட்டு வந்தாங்க சார். நான் உங்க லிங்க்கைக் காட்டினேன், தொறக்கல. அங்க டவர் கம்மி போல. இங்க வருதா பாருங்க," என்று போனை நீட்டினாள்.

தளமே இல்லை என்று தெரிந்தும், வாங்கி ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். பிறகுதான் உண்மையைச் சொன்னேன்.

"பரவால்ல சார், நீங்க என்ன பண்ணுவீங்க," என்றாள்.

அந்தக் கம்பெனி என்னை ஏமாற்றிவிட்டது என்று பார்ப்பவரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தவன் நான். அன்றோடு நிறுத்திவிட்டேன்.