ஒன்றரைக்குத் தீரும் பிரியாணி

ஊரில் எங்கே என்ன சாப்பிடலாம் என்பதை யாராவது எழுதிவைக்க வேண்டும், அந்த யாராவது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியபோது எனக்கு ஒன்பது வயது. வேலூரில் ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தேன். அம்மாவின் தங்கை, என் சித்தி, அங்கே நர்ஸ். டியூட்டி முடிந்து அவள் வரவேண்டும். வடக்கேயிருந்து நோயாளியைக் கூட்டி வந்த ஒருவர், கக்கத்தில் ஃபைல் கட்டோடு வந்து, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், எங்கே என்று சைகையில் கேட்டார். அம்மா எதிரே இருந்த பெரிய போர்டைக் காட்டினாள். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், பக்கத்துச் சந்தில் பூரி போடும் அக்கா கடையில் விட்டேன். இரண்டு நாள் கழித்து அதே வாசலில் என்னைப் பார்த்தவர், ஃபைல் கட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். அன்று சாயங்காலமே கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்துவிட்டேன்.

என்னென்னவோ எழுதினேன். போர்டு பெரிசாக இருந்தால் தோசை சின்னதாக இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு "சூடா இருக்கு" என்று சொல்கிறவரை நம்பாதே. பிரியாணிக் கடையில் போய் நூடுல்ஸ் கேட்காதே, அவர்களுக்கு மனசு கஷ்டமாகும். ஆற்காட்டு இனிப்பு மக்கன் பேடா வாங்கினால் வெளியூர்க்காரருக்கு முதலில் பாதி மட்டும் கொடு. முழுசாகக் கொடுத்தால் திகட்டிப்போய், ஆற்காட்டையே தப்பாக நினைத்துக்கொள்வார். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கடைகளில் உட்கார இடம் கிடைக்கும். இது சித்தி சொன்னது. மற்றதெல்லாம் நானே கண்டுபிடித்தவை.

ஆம்பூருக்கு மட்டும் தனிப் பக்கம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வேலூருக்கு மாறுதலாகும் முன் இரண்டு வருஷம் ஆம்பூரில் இருந்தோம், ஒரு பிரியாணிக் கடைக்கு நாலு வீடு தள்ளி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தூக்கு எடுத்துக்கொண்டு ஓடுவது என் வேலை. அதனால் அந்தக் கடையின் நாடித்துடிப்பே எனக்குத் தெரியும். விறகடுப்பில் ஒரே ஒரு தேக்சா. பதினொன்றரைக்கு அந்தப் பெரிய பாத்திரத்தின் மூடியைத் திறந்தால் வாசனை எங்கள் வாசல்வரை வரும். ஞாயிறென்றால் ஒன்றரைக்குத் தீரும். போனில் சொல்லி எடுத்துவைக்கச் சொன்னால் வைக்க மாட்டார்கள். வந்து நிற்கிறவருக்குத்தான் சோறு. அது கடைக்கார பாயின் சட்டம். இன்ஸ்பெக்டரே வந்தாலும் நிற்க வேண்டியதுதான்.

வேலூரில் சித்தி எங்களோடுதான் இருந்தாள். தாத்தா இறந்தபின் அவள் கல்யாணம் அப்பாவின் பொறுப்பாகிவிட்டது. திருப்பத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், நிலையான வேலை, நம் சபைக்காரர்கள். ஒரே ஒரு நிபந்தனை: கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போகக்கூடாது. நைட் டியூட்டியெல்லாம் அவர்கள் வீட்டில் வழக்கமில்லையாம். அப்பா போனில் "அதுக்கென்ன, பேசிக்கலாம்" என்றார். அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி, "மாமா பாத்து செஞ்சா சரி" என்று சொல்லிவிட்டு யூனிஃபார்ம் அயர்ன் பண்ணப் போய்விட்டாள். மேற்படிப்புக்கான விண்ணப்பம் ஒன்றை அவள் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தது எனக்குத் தெரியும். எனக்கு அதில் ஆர்வமில்லை. அதில் சாப்பாட்டைப் பற்றி எதுவும் இல்லை.

பெண் பார்ப்பதை வீட்டில் வைக்க வேண்டாம், ஒரு ஓட்டலில் சேர்ந்து சாப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஆம்பூர். எந்தக் கடை என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தபோது சித்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க தெரு பிரியாணிக் கடை இருந்துச்சே, ஞாயித்துக்கிழம எத்தன மணி வரைக்கும்டி கெடைக்கும்?"

"ஒன்னரை."

"ரெண்டுக்குப் போனா?"

"தேக்சாவ கழுவினு இருப்பாங்க."

"நல்லா தெரியுமா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நோட்டைப் பிரித்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். சித்தி நிதானமாகப் படித்தாள். ஊசி போடுவதற்கு முன் மருந்துப் பாட்டிலைப் படிப்பாளே, அப்படி. பிறகு, "அந்தக் கடையே நல்லாயிருக்கும். உங்கப்பா கிட்ட நீயே சொல்லு. நீ சொன்னா கேப்பாரு" என்றாள்.

அப்பா கேட்டார். கேட்டதோடு, நான் சொன்ன இன்னொரு யோசனையையும் திருப்பத்தூருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்: அந்தக் கடைக்குப் போவதென்றால் காலையில் இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடக்கூடாது. அந்தப் பக்கம் சிரித்தது எனக்கே கேட்டது. மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, சித்தி கல்யாணத்தையே நான் நடத்திவைக்கிற மாதிரி அந்த வாரம் முழுக்க நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச் பத்தரைக்கு முடிந்தது. பதினொன்றரைக்கு வாடகைக் கார் வந்து நின்றது. ஐந்து நிமிஷத்தில் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு ஓடும் சித்தி, அன்று புடவை மடிப்பை எடுத்தாள், விட்டாள், மறுபடி எடுத்தாள். அம்மா போய் உதவினால், "இது சரியா வரலக்கா" என்று அவிழ்த்தாள். பன்னிரண்டு. பன்னிரண்டேகால். நான் கதவுக்கும் காருக்கும் நடந்தேன். இந்நேரம் தேக்சா கழுத்துவரை இறங்கியிருக்கும்.

பன்னிரண்டரைக்குக் கிளம்பினோம். ஒரு மணி நேரம் ஆகும். சரியாகப் போனால் ஒன்றரை. நான் இறங்கி ஓடிப்போய்ச் சொல்லிவிட்டால் கடைசி பத்து பிளேட்டையாவது பிடித்துவிடலாம். எனக்குள் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்தது. பள்ளிகொண்டா தாண்டியதும் சித்தி தலை சுற்றுகிறது என்றாள். காரை நிறுத்தி சோடா வாங்கினார்கள். சோடாவை அவள் காப்பி குடிப்பதுபோல் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தாள். மாதனூரில், கொண்டுவந்த பூ வாடிவிட்டது, வேறு பூ வேண்டும் என்றாள். பூக்காரம்மாவிடம் மல்லியா முல்லையா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"சித்தி, தீந்துடும் சித்தி."

"மணி என்னடி இப்போ?" என்றாள், கையில் வாட்ச் கட்டியிருந்தும்.

"ஒன்னு இருபத்தஞ்சு."

"அப்படியா" என்று சொல்லிவிட்டு, "இன்னும் ஒரு முழம் குடும்மா" என்றாள்.

கடை வாசலில் இறங்கும்போது இரண்டுக்குப் பத்து நிமிஷம். நான் மற்றவர்களை விட்டுவிட்டு நேராகப் பின்பக்கம் ஓடினேன். தேக்சாவைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒருவர் உள்ளே பாதி உடம்பை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். பரிமாறுகிற பாய் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னா பாப்பா, வேலூர் போய்ட்டியே, இப்போதான் வழி தெரிஞ்சுதா? தீந்துச்சுமா."

"குஸ்கா?"

"அதுவும் தீந்துச்சு. அதோ ஒக்காந்துனு இருக்காங்களே, உங்க ஆளுங்களா? பன்னெண்டே முக்கால்லேர்ந்து வெறும் தண்ணி குடிச்சினு இருக்காங்க. நானும் நாலு தபா கேட்டேன். பொண்ணு வீட்டுக்காரங்க வராம கை நனைக்க மாட்டோம்னுட்டாங்க."

திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, தாய்மாமன், இன்னும் இரண்டு பேர். வாழையிலை விரித்த மேசையில், இரண்டு இட்லியோடு வந்து ஒரு மணி நேரமாக மற்றவர்களின் பிளேட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆறு முகங்கள். மாப்பிள்ளை எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். அவர் கண் மட்டும் என் தலைக்கு மேலாக, சாய்ந்திருந்த தேக்சாவைப் பார்த்தது. பாவம், நல்ல மனுஷர்தான்.

பாய் தன்னால் முடிந்ததைச் செய்தார். மிச்சமிருந்த தயிர் வெங்காயத்தையும் கத்திரிக்காயையும் கொண்டுவந்து எல்லார் இலையிலும் வைத்தார். சோறில்லாத இலையில் ஒரு கரண்டி கத்திரிக்காய். அதைப் பார்த்துக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மா பேசினார்.

"நாங்க ஜெபம் பண்றவங்க. சகுனமெல்லாம் பாக்கறதில்ல. ஆனாலும், மொத மொதல்ல ஒக்கார்ற எலையிலயே சோறு இல்லன்னா..."

அந்த "ஆனாலும்" எங்கள் மேசை முழுக்கப் பரவியது. அப்பா கார், சோடா, பூ என்று என்னென்னவோ சொன்னார். "போன் பண்ணியாவது சொல்லியிருக்கலாம்" என்றார் தாய்மாமன். சித்தி தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தாள், பெண் பார்க்க வரும்போது பெண்கள் எப்படி உட்கார வேண்டும் என்பார்களோ அச்சு அசலாக அப்படி. கால் மணி நேரத்தில் "பாத்துட்டு சொல்றோம்" என்று எழுந்துவிட்டார்கள். சொல்லவே போவதில்லை என்று எனக்கே தெரிந்தது. நான் கத்திரிக்காயை விரலால் இலையில் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சித்தியின் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேன். நூடுல்ஸ் கடையைச் சொல்லியிருக்கலாம். போர்டு பெரிசாக இருந்த கடையைச் சொல்லியிருக்கலாம். அங்கேயெல்லாம் எதுவும் தீர்வதே இல்லை.

திரும்பும்போது மாதனூர் தாண்டி அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார்: "ஒம்போது வயசுப் பொண்ணு பேச்ச கேட்டேன் பாரு, என்னத்தான் சொல்லணும்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தாமதம் தன்னால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

பள்ளிகொண்டாவில் சித்திதான் வண்டியை நிறுத்தச் சொன்னாள், பசிக்கிறதென்று. அப்பாவுக்கு டீ மட்டும். அம்மாவுக்கு அதுவும் வேண்டாம். சித்தி ஒரு மசால் தோசை சாப்பிட்டாள். அது முடிந்ததும் இன்னொன்று சொன்னாள்.

"உனக்கு எப்பிடிடி எறங்குது?" என்றாள் அம்மா.

"பசிக்குதுக்கா" என்றாள் சித்தி, சட்னியை வழித்தபடி.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து ஆம்பூர்ப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டேன். பேனா கிழித்துவிட்டது. அழுதுகொண்டே முற்றும் என்று எழுதினேன். சித்தி வந்து பார்த்தாள். நோட்டை வாங்கி, "ஒன்றரைக்குத் தீரும்" என்று நான் எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில், மருந்து கொடுத்தபின் நோயாளியின் சார்ட்டில் போடுவதுபோல், ஒரு டிக் போட்டு, மணி எழுதி, தன் சின்னக் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தாள்.

"நீ எழுதினது ரொம்ப சரிடி. கிழிச்சிடாத."

என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்து இன்னும் அழுதேன். அந்த ஜூனில் அவள் மேற்படிப்பில் சேர்ந்தபோது, கல்யாணம் நின்ற துக்கத்தை மறக்கத்தான் படிக்கப் போகிறாள் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டதை அப்படியே நம்பினேன்.

அதற்குப் பிறகு பதினைந்து வருஷம். நோட்டு நாலாகிவிட்டது. ஆம்பூரிலேயே ஒரு ஷூ கம்பெனியில் டிசைன் செக்‌ஷனில் இருக்கிறேன். கம்பெனி பஸ்ஸில் ஏறினால், "சனிக்கிழம எங்கே போலாம், சொல்லு" என்று நாலு பேராவது கேட்பார்கள். கடையைச் சொல்வேன், நேரத்தைச் சொல்வேன், சொல்லிவிட்டு, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். நேரத்தை மட்டும் மூன்று முறை சொல்வேன். ஏன் இப்படிப் பதறுகிறாய் என்று கேட்பார்கள்.

போன வாரம் எனக்கு ஒரு வரன் வந்தது. அவரோடு ஒரு தரம் போனில் பேசினேன். மோசமில்லை. ஆனால் என் வேலையைப் பற்றிய பேச்சு வந்ததும், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சிரித்தார். எங்கே சந்திப்பது என்று பேச்சு வந்தபோது அப்பாவே, "எடத்த நீ சொல்லு" என்றார். சித்திக்குப் போன் போட்டேன். அவள் இப்போது வார்டு இன்சார்ஜ். பின்னால் ஏதோ மெஷின் கீக் கீக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"சித்தி, ஆம்பூர்லயே வெச்சிக்கலாமா? அதே கடையில?"

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்:

"தீரணுமாடி, தீரக் கூடாதா?"

புடவை மடிப்பு, சோடா, ஒரு முழம் பூ, கையில் கட்டியிருந்த வாட்ச், இரண்டு மசால் தோசை. எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது.

"பதினஞ்சு வருஷமா நான்தான் கெடுத்துட்டேன்னு நெனச்சினு இருக்கேன் சித்தி!"

"நான்தான் டிக் போட்டேனேடி" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "மாமா மூஞ்சிக்கு நேரா என்னால வேணாம்னு சொல்ல முடியல. உன் நோட்டுதான் சொல்லுச்சு."

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அதே கடை, ஞாயிற்றுக்கிழமை, ஒன்றேகால். இட்லியைப் பற்றி யாருக்கும் எந்த யோசனையும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் தேக்சாவில் ஏழெட்டு பிளேட் மிச்சமிருக்கும். எனக்கும் அவருக்கும் கால் மணி நேரம் இருக்கும். உட்கார்ந்ததும், வேலையைப் பற்றி "அப்புறம்" என்றாரே, அது என்னவென்று கேட்கப்போகிறேன், அப்பா பக்கத்திலிருக்கும்போதே, வாய்விட்டு. பதிலைக் கேட்டபிறகுதான் எழுந்துபோய் பாய் முன்னால் சோற்றுக்கு நிற்பேன்.