நெய் காறியிருந்தது

எனக்குக் கோபம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும், கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கலாமே என்று கேட்கக் கூடாது. நிதானத்தைப் பற்றிப் போன ஒரு வருடமாக என் வீட்டில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

என் வீட்டுக்காரர் கடலூரில் பைக் உதிரி பாகம் விற்கும் கடை வைத்திருக்கிறார். நான் ஊரை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள். போன ஐப்பசியில் டாக்டர் இவருக்கு பிரஷர் என்று சொன்னார். அதைக் கேட்ட ஒரு வாடிக்கையாளர், சிதம்பரத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் வகுப்புக்கு இவரை அழைத்துக்கொண்டு போனார். அங்கே ஓர் ஐயா கீதையையும் சைவ சித்தாந்தத்தையும் கலந்து பாடம் நடத்துகிறார். எந்தக் காரியத்தையும் இறைவனுக்குப் படைப்பதாக நினைத்துச் செய்ய வேண்டும், செய்யும்போது மனசு அதிலேயே இருக்க வேண்டும், ஆனந்தம் தானாக வரும். இவ்வளவுதான் பாடம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதைப் படித்துவிட்டு வந்தவரோடு குடித்தனம் நடத்துவதுதான் பெரும்பாடு.

வீட்டுக்கு வந்து சேர்ந்த பாடத்தில் பாதி சாப்பாட்டைப் பற்றியது. வயிற்றில் எரியும் நெருப்பே இறைவன், ஒவ்வொரு கவளமும் அந்த நெருப்பில் இடும் ஆகுதி. ஆகவே முதல் கவளத்தைப் பேசாமல், உப்பு புளி காரம் ஒவ்வொன்றையும் உணர்ந்து மெல்ல வேண்டும். இவரும் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். கரண்டியோடு நான் பக்கத்தில் நிற்பேன். அந்த ஒரு கவளம் இறங்கியதும் செல்போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, போன வாரத்து வகுப்பைக் கேட்டுக்கொண்டே மீதிச் சாப்பாட்டை முடிப்பார். கேட்பது கவனத்தைப் பற்றிய பேச்சுதானே, அது எப்படிக் கவனக் குறைவு ஆகும் என்பது அவர் கட்சி.

ஒரு நோட்டும் உண்டு. அன்றன்று கவனித்தது, ஆனந்தப்பட்டது எல்லாவற்றையும் அதில் எழுதி சாமி அலமாரியில் வைப்பார். எழுதிய கையோடு எனக்கும் பாடம் நடக்கும். "பாத்திரத்த வைக்கற சத்தத்துலயே தெரியுது, ஒன் மனசு இங்க இல்ல" என்பார். காலை ஐந்து மணிக்கு எழுந்து வீட்டுச் சமையல் முடித்து, எண்பது பிள்ளைகளின் சமையலைப் பார்க்க ஓடுகிறவளின் மனசு எங்கே இருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

தை மாதம் எனக்கு நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் டிகாக்‌ஷன் இறக்கினேன். வாசனை வரவில்லை. காபித்தூள் டப்பாவுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தேன். பெருங்காயத்தை எடுத்தேன், கற்பூரத்தை எடுத்தேன், மண்ணெண்ணெய் புட்டியைத் திறந்தேன். எதுவும் இல்லை. காபியை வாயில் வைத்தால் வெந்நீர். பயந்துபோனேன். நேராக இவரிடம் போனேன்.

"ஏங்க, எனக்கு வாசனையே தெரியலங்க. நாக்குலயும் ஒண்ணும் தெரியல."

"ம். சரி. சுக்கு போட்டுக் குடி."

காதில் ஹெட்போன் இருந்தது. மறுநாள் அலமாரியைத் துடைக்கும்போது நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். முந்தின நாள் பக்கத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: "இன்று வீட்டில் அமைதி. காலைக் காபி ஆனந்தம்."

அந்த நோட்டை அடுப்பில் போடாமல் திரும்ப வைத்தேன். என் பொறுமைக்கு அதுவே பெரிய சாட்சி.

பள்ளியில் கதை வேறு. பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன் நான் ருசி பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று நாள் போல சமாளித்தேன். மூன்றாம் நாள் அவித்த முட்டையை உரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார் எங்கள் சமையலர் அக்கா. நான் தலையாட்டினேன். அக்கா முட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"அது அழுவுன முட்டம்மா. நாலு அறைக்கு நாறுது. ஒனக்கு மூக்கு போயிடுச்சா?"

உட்கார்ந்து அழுதேன். அக்கா வகுப்பு எதற்கும் போனதில்லை. நான்காம் நாள் தலைமையாசிரியையிடம் சொன்னேன். அன்றிலிருந்து ருசி பார்க்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். இப்படிப் பள்ளி முழுக்கத் தெரிந்த விஷயம் என் வீட்டுக்குள் ஒருவருக்குத் தெரியாது. காது மூக்கு டாக்டரிடம் தனியாகத்தான் போனேன். நரம்பு பாதித்திருக்கிறது, ஆறு மாதத்தில் திரும்பலாம், வருடம் ஆகலாம், வராமலே போகலாம் என்றார்.

இவரிடம் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம்தான். வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளிடம் இவ்வளவு பெரிய ஒன்று காணாமல் போயிருக்கிறது, அது இந்த மனிதர் கண்ணில் படுமா படாதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தட்டு வைக்கும்போதெல்லாம் இன்றைக்குக் கேட்பார் என்று காத்திருப்பேன். ரசத்தில் உப்பு போட மறந்த நாளில்கூட நோட்டில் "அமிர்தம்" என்றுதான் இருந்தது.

வாசனை போனவர்களுக்குத்தான் தெரியும், அது சாப்பாட்டோடு நிற்பதில்லை. மழை பெய்தால் வெறும் தண்ணீர். துவைத்த துணிக்கும் அழுக்குத் துணிக்கும் வித்தியாசம் இல்லை. எல்லாவற்றையும்விட என்னைத் தின்றது, என் மேல் என்ன வாடை அடிக்கிறது என்று எனக்கே தெரியாததுதான். சமையலறை வியர்வையோடு பஸ்ஸில் யார் பக்கத்திலும் உட்காரக் கூசும். ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தேன். அதையும் இவர் கவனிக்கவில்லை.

ஆனால் சமையல் நிற்குமா? கடுகு வெடித்து ஓய்வதைக் காதால் பிடித்தேன். பருப்பு வெந்ததை நசுக்கிப் பார்த்தேன். வெல்லப்பாகை இரண்டு விரலுக்கு நடுவில் தொட்டு இழுத்துப் பதம் பார்த்தேன். பண்ருட்டி முந்திரி நெய்யில் நிறம் மாறும் அந்த ஒரு நொடிக்காகக் கண்ணிமைக்காமல் நின்றேன். சாப்பிடும்போது அப்பளம் நொறுங்கும் சத்தமும், மோரின் குளிர்ச்சியும், மிளகாயின் எரிச்சலும்தான் மிச்சம். அதையாவது விடாமல் பிடித்துக்கொண்டேன். சில நாள் அதிலேயே ஒரு சந்தோஷம் வந்துவிடும். வந்ததும் இவர் மேல் இன்னும் கோபம் வரும். அவர் பஸ் ஏறிப் போய்த் தேடுகிற சமாச்சாரம் எனக்கு அடுப்படியில் கிடைக்கிறது, அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

ஆவணியில் ஒரு ஞாயிறு. வகுப்புக்கு வாராவாரம் ஒரு வீட்டுப் பிரசாதம், அந்த வாரம் எங்கள் முறை. விடியற்காலையில் சர்க்கரைப் பொங்கல் கிளறினேன். நெய் ஜாடியின் மூடி சரியாக மூடாமல் கிடந்தது, எத்தனை நாளாகவோ. எனக்குச் சந்தேகம். ஜாடியை எடுத்துக்கொண்டு இவரிடம் போனேன்.

"இத கொஞ்சம் மோந்து பாத்து சொல்லுங்க."

பதறிப்போய்த் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "சாமிக்குப் படைக்கறத மோந்து பாக்கச் சொல்றியே, அறிவிருக்குதா ஒனக்கு?"

படைப்பதற்கு முன் ருசி பார்க்கக் கூடாது, முகரக் கூடாது. முறை எனக்கும் தெரியும். போ என்று ஊற்றிவிட்டேன். படைத்தபின் இவருக்கு இரண்டு கரண்டி வைத்தேன். போனில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. வழித்துச் சாப்பிட்டு "அமிர்தம்" என்றார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

மதியம் திரும்பியவரின் முகம் கறுத்திருந்தது. வாளியை வாசலிலேயே நங்கென்று வைத்தார். அந்தச் சத்தத்தில் அவர் மனசு எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை.

"நாப்பது பேரு உக்காந்திருக்காங்க. ஐயா மொதக் கவளத்த வாயில வச்சாரு, கண்ணத் தொறந்தாரு. 'நெய் காறுதே, யாரு வூட்டு பிரசாதம்'னாரு. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. கவனம்னா என்னான்னு தெரிஞ்சாத்தான? நான் எத்தினி சொல்லி என்னா பிரயோசனம்!"

"காலைல நீங்களும் சாப்டீங்களே" என்றேன்.

செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

"ரெண்டு கரண்டி. வழிச்சி சாப்ட்டு அமிர்தம்னீங்க. அந்த நெய்யி சிதம்பரம் போற வழிலதான் காறிப்போச்சா?"

"அத வுடு. ஊத்தறப்பவே வாட அடிச்சிருக்குமே, ஒனக்குத் தெரியல?"

"தெரியல. தையிலேருந்து எந்த வாடையும் தெரியல எனக்கு. பூ, மலம், கற்பூரம் எல்லாம் ஒண்ணுதான்."

"அடிப்பாவி, ஏன் சொல்லல?"

இந்தக் கேள்விக்காகத்தான் ஏழு மாதம் காத்திருந்தேன் போல. சாமி அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் மடியில் போட்டேன். "சொன்னேன். இந்த நாளு காலைல, நீங்க இந்த நாற்காலியில உக்காந்திருந்தப்ப. சுக்கு குடிக்கச் சொன்னீங்க. சொல்லிட்டு இத எழுதுனீங்க."

படித்தார். திரும்பவும் படித்தார். அடுத்தடுத்த பக்கங்களையும் புரட்டினார். அமிர்தம், ஆனந்தம், அமைதி. நான் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அன்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கேட்கட்டும்.

அடுத்த ஞாயிறு இவர் வகுப்புக்குப் போகவில்லை. என்னைச் சிதம்பரம் கோயிலுக்கு அழைத்துப் போனார், வேண்டிக்கொள்வதற்கு. ரகசியம் காட்டத் திரையை விலக்கினார்கள். தங்க வில்வ மாலை, அதன் பின்னே வெறும் வெளி. சுற்றிலும் கற்பூரம் எரிந்தது, எனக்குப் புகை கண்ணைக் கரித்ததோடு சரி. நீயும் ஒன்றுமில்லாததைத்தான் காட்டுகிறாய், என்னிடம் இருப்பதும் அதுதான், இதை நான் யாரிடம் காட்ட என்று மனசுக்குள் சாமியிடம் சண்டை போட்டேன். பக்கத்தில் இவர் கண்ணை மூடிக் கைகூப்பியிருந்தார். திரை விலகும் நேரத்தில் கண்ணை மூடுகிற மனிதர்!

வந்த பிரதோஷத்துக்கு வெண்ணெய் வாங்கி நானே உருக்கினேன். கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்திருந்தவரை அடுப்பண்டை கூப்பிட்டேன். போனைக் கூடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.

"மோந்து பாருங்க."

"சாமிக்குப் படைக்கற..."

"சாமி கோவிச்சிக்கிட்டா எங்கிட்ட வரட்டும். மோந்து பாருங்க."

குனிந்தார். "நல்லாத்தான் இருக்குது."

"நல்லாத்தான்னா என்னா?"

"நெய் வாசன."

"வெண்ணெய உருக்குனா நெய்யிதான் வரும், அது எனக்கே தெரியும். எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க."

"கல்யாண வூட்டாட்டம்."

"கல்யாண வூட்ல நூறு வாசன இருக்கும். எனக்குத் தெரியலன்னுதான கேக்கறேன்? எனக்குத் தெரியற மாதிரி சொல்லுங்க!"

என் குரல் உடைந்துவிட்டது. இவர் மறுபடியும் குனிந்தார். வெகுநேரம் அப்படியே நின்றார். கண் திறந்தேயிருந்தது. அடுப்பு வெக்கையில் நெற்றி வியர்த்தது, துடைக்கவில்லை. நிமிர்ந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"தீபாவளிக்குப் பலகாரம் சுட்டுட்டு வந்து பக்கத்துல உக்காருவியே. அப்ப ஒன் பொடவயில வரும். அந்த வாசன."

முப்பது வருடத்தில் இதை ஒரு நாள் சொன்னதில்லை. மூன்று வேளை குளித்தேனே ஏழு மாதமாக, அதில் ஒரு நாள் சொல்லியிருக்கலாம். எனக்கு வந்த கோபத்துக்கு வாணலியோடு கவிழ்த்திருப்பேன். அடுப்பை அணைத்தேன். கண்ணீர் நிற்கவில்லை.

"இன்னொரு தடவ மோந்து பாருங்க" என்றேன். "மெதுவா. நான் கேக்கறேன்."